மாத்திரையைப் பற்றியும் பேச வேண்டும்

லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், புக்கிட் தீமா சாலையை ஒட்டிய கண்டாங் கெர்பாவ் வட்டாரத்தைச் சிங்கப்பூரர்கள் மகப்பேற்று மருத்துவமனையை வைத்துத்தான் அறிவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பிறந்த இடம் அது. அதே வட்டாரத்தில் 1860களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் இத்தீவின் மனநோயாளர் காப்பகமும் இருந்தது. அதற்கு முன்பு 1841-இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில் 30 படுக்கைகளோடு முதல் காப்பகம் கட்டப்பட்டது. அதுவரை மனநோயாளிகளைக் குற்றவாளிகளோடு சிறையில்தான் வைத்திருந்தார்கள். கண்டாங் கெர்பாவிலிருந்து 1887-இல் சிப்பாய் லைன்ஸ் பகுதிக்கும், 1928-இல் நகரத்தைவிட்டு வெகுதூரம் விலகி யியோ சூ காங் சாலைக்கும் காப்பகம் போனது. 1951-இல் அதற்கு உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்று பெயர் வைத்தார்கள். 1993-இல் அது புவாங்கோக்கில் மனநலக் கழகம் ஆனது.

ஊருக்கு வெளியே அனுப்பப்பட்ட அந்த நோய் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேறொரு வழியாக வீட்டுக் கூடத்துக்குத் திரும்பியிருக்கிறது. நடிகைகளும் இசைக்கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் தங்கள் மனச்சோர்வையும் பதற்றத்தையும் பற்றிப் பொதுவெளியில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு கைப்பேசி வழியே சிராங்கூன் சாலையில் நடப்பவர் வரைக்கும் வந்து சேர்கிறது. அதனால் அவருக்கு என்ன பயன்? எங்கே அது உதவுகிறது, எங்கே பாதியில் நின்றுவிடுகிறது? பிரபலங்களின் பேச்சு நோயின் துயரத்தைச் சொல்வதில் தாராளமாக இருக்கிறது, சிகிச்சையை, குறிப்பாக மருந்தை, சொல்லும்போது சுருங்கிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். சாமானியருக்கு அதிகம் தேவைப்படுவது அந்தச் சொல்லாத பாதிதான்.

ஒரு நேர்காணலின் முழுமை

இந்தியாவில் இந்த வகைப் பேச்சுக்குத் திருப்புமுனை தீபிகா படுகோன். 2013-இல் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’, ‘ராம்-லீலா’ என்று வரிசையாக வெற்றி கண்டவர் அவர். 2014 பிப்ரவரியில் ஒரு காலை, வயிற்றில் இனம்புரியாத வெறுமையோடு கண்விழித்ததாகப் பின்னர் சொன்னார். காரணம் சொல்லத் தெரியாமல் அழுகை வந்தது. வீட்டுக்கு வந்திருந்த பெற்றோர் ஊர் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வேளையில் அவர் உடைந்து அழுதார். இது வேலைக் கவலையோ காதல் கவலையோ இல்லை என்று தாய் உஜ்ஜலாவுக்குப் பட்டது. குடும்ப நண்பரும் மனநல ஆலோசகருமான அன்னா சாண்டியிடம் பேசினார்கள்.

2015 ஜனவரியில் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நாளிதழில் தீபிகா இதையெல்லாம் சொன்னபோது ஒரு முக்கியமான விவரத்தை அவர் விட்டுவிடவில்லை. ஆலோசகர் மருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அவர் முதலில் மறுத்தார். பேசினாலே சரியாகிவிடும் என்று நம்பினார். கொஞ்சம் தேறுவதும் மறுபடி சரிவதுமாக நாட்கள் போயின. பிறகு டாக்டர் ஷியாம் பட் என்ற மனநல மருத்துவரிடம் சென்று மருந்து எடுத்துக்கொண்டார், தேறினார். அதே ஆண்டு என்டிடிவி நேர்காணலுக்கு அவர் தனியாக வரவில்லை. தாயும் ஆலோசகரும் மருத்துவரும் உடன் அமர்ந்தார்கள். யார் முதலில் கவனித்தார், யாரிடம் போனார்கள், மருந்துக்கு ஏன் தயங்கினார், அந்தத் தயக்கம் எப்படித் தீர்ந்தது என்று ஒரு நோயாளி கடந்து வரும் பாதை முழுவதும் பார்வையாளருக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டே அவர் ‘லிவ் லவ் லாஃப்’ அறக்கட்டளையைத் தொடங்கினார். கிராமப்புற மனநோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் சிகிச்சை கிடைக்கச் செய்யும் அதன் திட்டம் கர்நாடகத்தின் தாவணகெரெயில் ஆரம்பித்துப் பின்னர் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் வந்தது. 2022 அக்டோபரில் தீபிகாவே அங்கே வந்து பயனாளிகளைச் சந்தித்தார். வாயால் சொன்னதற்குக் கையால் ஒரு வழியும் செய்து வைத்தார் என்பதற்காகவே அவருடைய பேச்சை அளவுகோலாகக் கொள்ளலாம்.

தமிழ்த் திரையின் பேச்சும் மௌனமும்

தமிழ் ரசிகர்களுக்கு நெருக்கமான குரல்களும் ஒலித்திருக்கின்றன. இருபத்தைந்து வயது வரை தற்கொலை எண்ணம் தன்னைத் தொடர்ந்ததாக 2018 நவம்பரில் ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். ஒன்பது வயதில் தந்தை ஆர்.கே. சேகரை இழந்தவர் அவர். அந்த வெற்றிடத்தைப் பற்றி அவர் பேசியபோது, கோடிக்கணக்கானோர் தாங்கள் கேட்டு வளர்ந்த இசைக்குப் பின்னால் ஒரு சிறுவனின் தவிப்பு இருந்ததை அறிந்தார்கள். 2022 ஜனவரியில் ஹைதராபாத்தில் நடந்த ஒரு மனநல நிகழ்ச்சியில் சமந்தாவும் பேசினார். உடம்பில் அடிபட்டால் டாக்டரிடம் போவதுபோல மனம் அடிபட்டாலும் போவது இயல்பாக வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

இவை துணிச்சலான பேச்சுகள். சினிமா, அரசியல், குடும்பம் மூன்றும் நடிகரின் பிம்பத்தைச் சுற்றியே இயங்கும் நம் சமூகத்தில், நான் உடைந்திருந்தேன் என்று சொல்வது எளிதில்லை. ஆனாலும் நம் பேட்டிகளின் வழக்கமான கதையோட்டத்தைக் கவனிக்க வேண்டும். துயரம் வந்தது, தாயோ தியானமோ இறைவனோ வேலையோ கைகொடுத்தது, மீண்டு வந்தேன் என்பதே அது. அது பொய்யில்லை, அவரவர் வாழ்க்கை அது. ஆனால் மருந்து தேவைப்படும் நிலையில் இருக்கும் ஒருவர் அந்தக் கதையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், தனக்கு மன உறுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார்.

தமிழ்ப் படங்களும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 2005-இல் வந்த ‘சந்திரமுகி’யின் நாயகன் மனநல மருத்துவர்தான். நோயோ பேயோட்டும் சடங்கைப்போல நடத்தப்படும் ஒரு நாடகத்தில் தீர்ந்துவிடுகிறது. அதே ஆண்டில் வந்த ‘அந்நியன்’ பிளவுபட்ட மனத்தைக் கொலைகாரனாகக் காட்டியது. 2012-இல் வந்த ‘3’ இருதுருவக் கோளாறைப் பெயர் சொல்லியே பேசியது, அது ஒரு முன்னேற்றம். ஆனால் அதன் நாயகன் நோயை மனைவியிடமிருந்து மறைக்கிறான், கதை அவன் சாவில் முடிகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்துக்கொண்டு, வேலைக்கும் போய் வரும் ஒருவரைத் தமிழ்த் திரையில் தேட வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் அப்படி வாழ்பவர்கள் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள்.

மருந்தில்தான் சிக்கல்

நம் வீடுகளில் சாப்பாட்டு மேசைமேல் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கிழமைப் பெயர் போட்ட டப்பாவில் வெளிப்படையாக இருக்கும். விருந்தாளி முன்னிலையிலேயே எடுத்து விழுங்குவோம். மனநோய்க்கான மாத்திரை மட்டும் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அங்கிருந்தும் இடம் மாறும். இரண்டும் மருந்துதான், இரண்டையும் மருத்துவர்தான் எழுதிக் கொடுக்கிறார்.

மருந்தைப் பற்றிய பொதுப் பேச்சு எவ்வளவு கூர்மையானது என்பதை 2005-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு மோதல் காட்டியது. நடிகை புரூக் ஷீல்ட்ஸ் 2003-இல் மகளைப் பெற்ற பின் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். மருந்தாலும் ஆலோசனையாலும் மீண்டதை ஒரு புத்தகமாக எழுதினார். நடிகர் டாம் குரூஸ் தொலைக்காட்சியில் அவரைக் கண்டித்தார். வைட்டமினும் உடற்பயிற்சியும் போதும், மனநல மருத்துவமே போலி அறிவியல் என்பது அவர் கட்சி. ஷீல்ட்ஸ் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதிப் பதிலளித்தார். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும் இந்த நோய் மருத்துவ உண்மை, மருந்துதான் தன்னையும் தன் குழந்தையையும் சேர்த்து வைத்தது என்றார். அடுத்த ஆண்டு குரூஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். மருந்தைப் பழித்த குரலுக்கு, மருந்தை உண்டு தேறியவரே எதிரே நின்று பதில் சொன்ன அரிய தருணம் அது.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. பாடகர் கன்யே வெஸ்ட் 2018-இல் தன் இருதுருவக் கோளாறை ஒரு வல்லமையாகப் பாடினார். அதே ஆண்டின் இறுதியில், ஆறு மாதமாக மருந்தில்லாமல் இருப்பதைப் பெருமையாகப் பதிவிட்டார். மருந்து படைப்பாற்றலை மழுக்கிவிடும் என்ற அச்சம் பல நோயாளிகளுக்கும் உண்டு, அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் அளவை மாற்றுவதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவரோடு பேசிச் செய்யக்கூடியவை. கோடிக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவர் நிறுத்திவிட்டேன் என்று மட்டும் சொன்னால், கேட்பவர்களில் யார் அன்றிரவே தன் மாத்திரையைத் தூக்கி எறிவார் என்பதை அவர் அறியமாட்டார்.

பிரபலங்கள் சொல்லத் தவறும் விவரங்கள் சிலவற்றை இங்கே சொல்லிவிடலாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். குமட்டலும் தலைவலியும் தூக்கக் குழப்பமும் முதல் வாரத்திலேயே வரலாம். பலன் தெரியும் முன் தொல்லை தெரிவதால்தான் பலர் இரண்டாம் வாரத்தில் கைவிடுகிறார்கள். 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடவும் வாய்ப்புண்டு, எனவே அந்த வாரங்களில் வீட்டார் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதல் மருந்திலேயே முழுமையாகத் தேறியவர்கள் சுமார் மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு வேறு மருந்தோ கூடுதல் சிகிச்சையோ தேவைப்பட்டது. முதல் மாத்திரை உதவவில்லை என்றால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை என்பதே அதன் பாடம். தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும், திடீரென்று விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் தாக்கும். இருதுருவக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியத்தை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அறிமுகப்படுத்தினார். அதை உட்கொள்வோர் ரத்தத்தில் மருந்தின் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு நட்சத்திரம் இவற்றில் இரண்டைத் தன் அனுபவமாகச் சொன்னால்கூடப் பல துண்டறிக்கைகள் செய்யாத வேலையை அது செய்யும்.

ஆய்வுகள் காட்டுவது

பிரபலத்தின் சொல்லுக்கு உயிரைப் பறிக்கும் வலிமையும் காக்கும் வலிமையும் உண்டு. 2020-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, பிரபலங்களின் தற்கொலைச் செய்திகளுக்குப் பிந்தைய ஓரிரு மாதங்களில் தற்கொலைகள் சராசரியாக 13 விழுக்காடு கூடின. 2010-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள். நெருக்கடியில் இருந்தவர் அதைத் தாண்டி வந்த கதைகள் வெளியான பின் தற்கொலைகள் குறைந்தன. வீழ்ந்ததை விவரிப்பதைவிட எழுந்த வழியை விவரிப்பதே உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிங்கப்பூருக்கு வருவோம். மனநலக் கழகம் 2014–15-இல் சுமார் 3,000 பேரிடம் நோய் அறிகுறிகளைக் கதையாகச் சொல்லி, இது என்ன நோய் என்று கேட்டது. மனச்சோர்வை 55.2 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். எண்ணச் சுழற்சி நோயை அறிந்தவர்கள் 28.7 விழுக்காடு. மனச்சிதைவை இனம்கண்டவர்கள் 11.5 விழுக்காடுதான். காதில் குரல் கேட்கும் அந்த நோயைப் பற்றி நட்சத்திரங்கள் நம்மிடம் அதிகம் பேசியதில்லை. கழகத்தின் 2016 ஆய்வில், வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளானவர்கள் ஏழில் ஒருவர். அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் உதவி நாடவில்லை. நாடியவர்களும் எண்ணச் சுழற்சி நோயில் 11 ஆண்டு, இருதுருவக் கோளாறில் 4 ஆண்டு என்று தாமதித்தே போனார்கள். 2022 மக்கள்தொகைச் சுகாதார ஆய்வில், மனநலம் குன்றியிருப்போர் 2020-இன் 13.4 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காடாகக் கூடியிருந்தார்கள். 18 முதல் 29 வயதினரில் அது நான்கில் ஒருவர். பேச்சு பெருகிய காலத்திலும் இடைவெளி அகன்றே கிடக்கிறது.

சொன்ன பிறகு என்ன ஆகும்?

நட்சத்திரம் நோயைச் சொன்னால் பாராட்டுவார்கள். கணக்கர் சொன்னால் வேலை போகுமோ என்று அஞ்சுவார். இந்த வேறுபாட்டைத் தீர்ப்பது சட்டத்தின் வேலை. 2020 ஜனவரியில் சிங்கப்பூர் இரண்டு அடிகள் எடுத்து வைத்தது. தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது நீங்கியது. வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநோய் உண்டா என்று காரணமின்றிக் கேட்பது பாகுபாடு என்று முத்தரப்பு வழிகாட்டி அறிவித்தது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் மனநலக் குறைபாட்டையும் பாதுகாப்புக்குரியதாகச் சேர்த்தது. 25 பேருக்கும் குறைவான ஊழியர் கொண்ட நிறுவனங்களுக்கு அது இப்போதைக்குப் பொருந்தாது. லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளும் நகைக்கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் அந்த அளவினவே.

சிங்கப்பூரின் சொந்தக் குரல்களில் மஹிதா வாஸ் குறிப்பிடத்தக்கவர். விமானப் பணிப்பெண்ணாகவும் பின்பு விளம்பரத் துறையிலும் பணியாற்றியவர். தன் இருதுருவக் கோளாற்றைப் பற்றி 2012-இல் நினைவுநூல் எழுதினார். நோயைக் கடந்துவந்தோரே பிறருக்குக் கைகொடுக்கும் ரெசிலியன்ஸ் கலெக்டிவ் அமைப்பு உருவாகவும் காரணமானார். திரை ஒளி இல்லாத ஒருவர், இந்த நகரத்தில் வாழ்ந்துகொண்டே பெயரும் முகமும் காட்டிப் பேசினார். தமிழில் இப்படி ஒரு நூல் நமக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கு வரும் கட்டுமானத் தொழிலாளியின் நிலை இன்னும் கடினம். மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு, பதற்றக் கோளாறு ஆகியவற்றின் சிகிச்சைக்குச் சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தலாம். அந்தத் தொழிலாளிக்கு மெடிசேவ் கிடையாது. வேலை அனுமதி முதலாளியின் கையில், ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் ஊரில். பத்துப் பேர் படுக்கும் அறையில் மாத்திரை அட்டையை வெளியே வைக்கவே தயங்குவார். 2020-இல் விடுதிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோதுதான் இவர்களின் மனநலம் அரசின் கண்ணில் அழுத்தமாகப் பட்டது. அவ்வாண்டு நவம்பரில் மனிதவள அமைச்சும் மனநலக் கழகமும் ஹெல்த்சர்வ் தொண்டு அமைப்பும் சேர்ந்து ‘புராஜெக்ட் டான்’ திட்டத்தைத் தொடங்கின. நல்ல தொடக்கம் அது. சிகிச்சையில் இருப்பதாலேயே வேலை அனுமதி போகாது என்ற உறுதியும் சேர்ந்தால்தான் தொழிலாளி வாய் திறப்பார்.

பேசுவதும் பேச வைக்கப்படுவதும்

2025 ஏப்ரலில் ஒரு தமிழ் நடிகரின் சமூக ஊடகப் படங்களை வைத்து ஆளாளுக்கு நோய்ப் பெயர் சூட்டினார்கள். அவர் மருத்துவர்களின் கவனிப்பில் இருக்கிறார், அவருடைய தனிமையை மதியுங்கள் என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் குடும்பத்தின் சார்பில் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அந்த நடிகரின் பெயரை இங்கே எழுதவும் எனக்கு உரிமையில்லை. நோயைச் சொல்லும் உரிமை நோயாளிக்கு மட்டுமே உரியது.

சொல்ல நேர்ந்தவர்களைச் சமூகம் எப்படி ஏற்கிறது என்பதுதான் அதன் நாகரிகத்தின் அளவு. 1972-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றது வெளிவந்த ஒரு வாரத்துக்குள் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. 1998-இல் நார்வே பிரதமர் ஷெல் மக்னே பூண்டெவிக் மனச்சோர்வு என்றே சொல்லி விடுப்பு எடுத்தார். சில வாரங்களில் பணிக்குத் திரும்பினார். 2001-இல் மீண்டும் பிரதமரானார். நோய் ஒன்றுதான், ஏற்ற விதம் வேறு.

நம்மிடமும் தமிழ்நாட்டின் ஏர்வாடி என்ற வடு இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் அங்கே தர்காவை நாடி வந்த மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். தர்காவுக்கும் கோயிலுக்கும் நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அங்கே போகும் வழியில் மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும், மாத்திரையும் தொடர வேண்டும்.

ஆகவே பேட்டி எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு கலைஞர் தன் மனநோயைப் பற்றிப் பேச முன்வந்தால், எப்படி அழுதீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர் சொல்லச் சம்மதித்தால், யாரிடம் போனீர்கள், மருந்து எடுத்தீர்களா, எத்தனை நாளில் பலன் தெரிந்தது, பக்க விளைவை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். கடை முதலாளிகள், சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திராமல், டாக்டரைப் பார்க்கப் போகும் ஊழியருக்கு அரை நாள் விடுப்பைக் கேள்வி கேட்காமல் கொடுங்கள். வீட்டில் யாரேனும் மாத்திரையை மறைத்து வைத்தால், அதையும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மருந்தை நிறுத்த நினைப்பவர்கள் நிறுத்தும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்: தேசிய மனநல உதவி எண் 1771, சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.